ரோட்டரி டேபிள் பேக்லாஷ்: வார்மை நெருக்குவது கடைசி வேலை

மில்லிங் மிஷினில் வேலையைக் கோணம் பார்த்துத் திருப்ப உதவும் ரோட்டரி டேபிளின் ஹேண்டிலை ஒரு பக்கம் சுற்றிவிட்டு மறுபக்கம் திருப்பினால், டேபிள் நகரத் தொடங்கும் முன் ஹேண்டில் கொஞ்சம் சும்மா சுற்றும். இதற்குப் பட்டறையில் ஒரே பெயர்தான், பேக்லாஷ். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றே என்று எண்ணி, எக்ஸென்ட்ரிக் புஷ்ஷைத் (துளை மையம் விலகிய புஷ்) திருப்பி வார்மை (ஹேண்டில் சுற்றும் புரித் தண்டு) வீலோடு (டேபிளைத் திருப்பும் பல் சக்கரம்) நெருக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அன்றைக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளில் டேபிள் ஓரிடத்தில் கல்லாக இறுகும், எதிர்ப்பக்கத்தில் பழையபடி ஆடும். இறுகிய இடத்தில் பலத்தைப் போட்டுச் சுற்றச் சுற்ற வீலின் பல் தேயும். பிறகு எந்த நிலையிலும் சரியாக வைக்க முடியாது.

ஹேண்டிலில் தெரியும் அந்த வெற்றுச் சுற்று நான்கு இடங்களிலிருந்து வரலாம்: டேபிளின் நடு பேரிங்கில் இருக்கும் ஆட்டம், வார்ம் ஷாஃப்ட் நீளவாக்கில் முன்னும் பின்னும் போகும் என்ட் ப்ளே, வார்முக்கும் வீலுக்கும் நடுவே உள்ள பல் இடைவெளி, ஹேண்டிலின் சாவியிலோ (ஹேண்டிலை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் உலோகத் துண்டு) டயல் வளையத்திலோ (அளவுக் கோடுகள் உள்ள வளையம்) உள்ள தளர்வு. இந்த நான்கில் எக்ஸென்ட்ரிக்கால் சரியாவது மூன்றாவது மட்டும். மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டு அதை மட்டும் நெருக்கினால், அவற்றின் ஆட்டத்தையும் சேர்த்துப் பல்லின் மேல் ஏற்றுகிறோம்.

இங்கே எடுத்துக்கொள்வது சிறிய பட்டறைகளில் அதிகம் இருக்கும் 6 அங்குல டேபிள், படுக்கவும் நிறுத்தவும் வைக்கக்கூடியது, விகிதம் 90:1. ஹேண்டில் ஒரு சுற்று சுற்றினால் டேபிள் 4 டிகிரி, அதாவது 240 நிமிடம் திரும்பும் (இங்கே நிமிடம் கோண அளவு, ஒரு டிகிரிக்கு 60). 72:1 டேபிளில் அது 5 டிகிரி, 40:1-இல் 9 டிகிரி. ஹேண்டில் 9 டிகிரி சும்மா சுற்றுகிறது என்றால் அது ஒரு சுற்றில் நாற்பதில் ஒரு பங்கு. 90:1-இல் அது டேபிளில் 6 நிமிடம். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் டேபிளின் விளிம்பில், 75 மி.மீ. ஆரத்தில், அது 0.13 மி.மீ. நகர்வு. எண்ட் மில்லின் பல் பிடித்து இழுத்து உடைய அது போதும்.

முதலில் அளக்க வேண்டும்

கையால் ஆட்டிப் பார்த்து 'லூஸ்', 'பரவாயில்லை' என்று சொல்வது அளவு ஆகாது. ஒரு தட்டையான இரும்புப் பட்டையை டேபிளின் டி-ஸ்லாட்டில் (போல்ட் மாட்டும் பள்ளம்) இறுக்கி, டேபிள் மையத்திலிருந்து 172 மி.மீ. தூரத்தில் டயல் கேஜின் முனை அதன் பக்கவாட்டில் படும்படி வையுங்கள். இந்த 172-க்குக் காரணம் உண்டு: அந்த ஆரத்தில் 1 நிமிடம் 0.05 மி.மீ. ஆகும். 0.01 மி.மீ. டயலில் 5 கோடு நகர்ந்தால் 1 நிமிடம், கணக்குப் போட வேண்டியதில்லை. டயல் ஸ்டாண்டை மில்லிங் மிஷின் பெட்டில் வையுங்கள், ரோட்டரி டேபிளின் உடம்பில் வேண்டாம்.

டேபிள் கிளாம்ப் இரண்டையும் முழுக்கத் தளர்த்திவிட்டு, பட்டையின் நுனியை ஒரு பக்கம் மெல்லத் தள்ளி விடுங்கள், டயலைப் படியுங்கள். மறுபக்கம் தள்ளி விடுங்கள், மறுபடி படியுங்கள். 90:1 போன்ற ஒற்றைத் தொடக்க வார்மில் (ஒரே ஒரு புரி ஓடும் வார்ம்) புரியின் சாய்வு குறைவு. அதனால் டேபிளைத் தள்ளி வார்மைச் சுற்ற வைக்க முடியாது. டயலில் தெரிவதெல்லாம் தளர்வுதான். இரண்டு விரலால் தள்ளும் அளவு பலம் போதும். முழுக் கையையும் கொடுத்தால் பட்டை வளைவதையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

அடுத்து அதே டயலை வைத்துக்கொண்டு ஹேண்டில் வழியாக அளக்க வேண்டும். ஹேண்டிலை வலப்பக்கம் சுற்றி டயல் முள் நகர ஆரம்பித்ததும் நிறுத்தி ஹேண்டில் அளவைக் குறியுங்கள். இடப்பக்கம் திருப்பி, முள் எதிர்த்திசையில் அசையும் கணத்தில் மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முந்தைய அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பட்டையைத் தள்ளியபோது 2 நிமிடம், ஹேண்டிலில் 7 நிமிடம் என்று வந்தால் மிச்ச 5 நிமிடமும் ஹேண்டிலின் சாவி, பின், டயல் வளையம் இவற்றில்தான் இருக்கிறது. சாவிப் பள்ளம் தேய்ந்த ஹேண்டிலை மாட்டிக்கொண்டு வார்மை நெருக்குவதில் பயனே இல்லை. சாவியை மாற்றுங்கள், டயல் வளையத்தின் கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத ஸ்க்ரூ) இறுக்குங்கள், வேலை முடிந்தது.

ஒரே இடத்தில் அளந்து நிறுத்திவிடக் கூடாது. ஹேண்டிலை 9 முழுச் சுற்று சுற்றினால் 36 டிகிரி. அப்படி 10 இடங்களில் அளந்தால் டேபிள் ஒரு முழு வட்டம் வரும். பட்டையை ஒவ்வொரு முறையும் தளர்த்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்க வேண்டும், அரை மணி நேரம் போகும். முழுச் சுற்றுகளாகவே எண்ணுவது முக்கியம். 30 டிகிரிக்கு ஒன்று என்று வைத்தால் ஏழரைச் சுற்று வரும். அப்போது வார்ம் ஒரு அளவுக்கு மேல் பக்கமும் அடுத்த அளவுக்குக் கீழ்ப் பக்கமுமாக நிற்கும், வார்மின் கோணலும் வீலின் கோணலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 9 சுற்று முறையில் வார்ம் எப்போதும் ஒரே நிலையில் நிற்பதால், அளவுகளில் தெரியும் ஏற்ற இறக்கம் முழுவதும் வீலுக்குரியது. பிறகு ஓரிடத்தில் நின்று ஹேண்டிலைக் கால் சுற்றாகத் திருப்பி நான்கு முறை அளந்தால் வார்மின் கோணல் தனியே தெரியும்.

பத்து எண்களையும் எழுதி வையுங்கள். எது மிகச் சிறியது, அது எந்த டிகிரியில் வந்தது என்பதுதான் பின்னால் வேண்டும். டேபிள் விளிம்பில் அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதுதான் இறுக்கமான இடம்.

நடு பேரிங்

அதே டயலை டேபிளின் விளிம்பில் ஆரவாக்கில் வைத்து, டேபிளைப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். வார்ம் இருக்கும் திசையில் ஒரு முறை, அதற்கு 90 டிகிரியில் ஒரு முறை. வார்ம் ஷாஃப்ட்டுக்கு இணையான திசையில் டேபிள் நகர்ந்தால் அது அப்படியே சுழற்சித் தளர்வாகக் கணக்கில் சேரும். வார்மை நோக்கி நகர்ந்தால் பல் ஆழம் மாறும், அதாவது நீங்கள் வைக்கும் பல் இடைவெளி ஒவ்வொரு வெட்டுக்கும் வேறுவேறாகும். 0.01 மி.மீ. வரை சரி. 0.03, 0.04 என்று காட்டினால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

டேபிளுக்கு அடியில் நடு ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் வளைய நட்டு இருக்கும். இரண்டு துளையோ நான்கு வெட்டோ இருக்கும், அதற்கேற்ற பின் ஸ்பேனரோ சி-ஸ்பேனரோ வேண்டும். உளியை வைத்துத் தட்டாதீர்கள், வெட்டு மழுங்கினால் அடுத்த முறை யாராலும் கழற்ற முடியாது. நட்டைத் திறந்ததும் டேபிளைத் தூக்கி, கூம்பு முகத்தையும் அடித்தளத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது தேய்மானம் ஆகாது. காய்ந்த கிரீஸும் பொடிச் சில்லுகளும்தான். ஆயில் ஸ்டோனால் பிசிறை மட்டும் எடுங்கள், முகத்தைத் தேய்க்காதீர்கள். திரும்ப மாட்டும்போது டேபிள் கையால் சுற்றக் கனமாகும் வரை நட்டை இறுக்கி, பிறகு சுற்றல் சீராகும் இடம்வரை மெதுவாகத் தளர்த்தி, அங்கே பூட்டுங்கள். இதற்கு வார்ம் பல்லிலிருந்து விலகியிருக்க வேண்டும். வார்ம் சேர்ந்திருக்கும்போது டேபிளின் உண்மையான இழுவை கைக்குத் தெரியாது.

வார்மின் என்ட் ப்ளே

இதைக் கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். டயல் முனையை வார்ம் ஷாஃப்ட்டின் வெளி முனையில் நீளவாக்கில் வைத்துவிட்டு, டேபிளில் மாட்டிய பட்டையை இருபுறமும் தள்ளுங்கள். ஷாஃப்ட் முன்பின் போனால் முள் காட்டிக்கொடுக்கும். வீலின் பிட்ச் விட்டம் (பற்கள் சேரும் இடத்து விட்டம்) 120 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட்டின் 0.02 மி.மீ. நகர்வு டேபிளில் 1 நிமிடத்துக்குச் சற்று மேல். 0.06 இருந்தால் மூன்றரை நிமிடம். பலர் பல் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் டேபிள்களில் பாதிக்கு மேல் குற்றம் இங்கேதான் என்பது என் கருத்து, ஏனென்றால் இதைத் தனியாக யாரும் அளப்பதே இல்லை.

வார்ம் ஷாஃப்ட்டில் ஒரு காலர் இருக்கும். அது புஷ்ஷின் முகத்துக்கும் ஒரு வளைய நட்டுக்கும் நடுவே சிக்கியிருக்கும். அந்த நட்டுதான் என்ட் ப்ளேயைத் தீர்மானிக்கிறது. ஹேண்டில், டயல் வளையம் இரண்டையும் எடுத்தால் நட்டு தெரியும். நட்டின் பக்கவாட்டில் ஒரு கிரப் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தாமல் நட்டைத் தொடாதீர்கள். எக்ஸென்ட்ரிக்கைத் திருப்பி வார்மை வீலிலிருந்து முழுக்க விலக்குங்கள். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றல் கனமாகும் இடம் வரும். அங்கிருந்து நூலளவு பின்வாங்கி, டயலில் 0.005 முதல் 0.01 மி.மீ. வரை இருக்கும்படி வையுங்கள். சுழியம் வேண்டாம். காலர் முகத்தில் எண்ணெய் நிற்க இடம் இல்லாவிட்டால் ஷாஃப்ட் சூடாகிப் பிடித்துக்கொள்ளும்.

எல்லோரும் சறுக்கும் இடம் கிரப் ஸ்க்ரூவை இறுக்கும் நேரம். ஸ்க்ரூ நட்டைப் புரியின் ஒரு பக்கமாகத் தள்ளும், சரியாக வைத்த 0.01 போய் 0.03 ஆகும், அல்லது ஷாஃப்ட் இறுகும். ஒவ்வொரு முறையும் பூட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். ஸ்க்ரூவின் அடியில் சின்னப் பித்தளைத் துண்டு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று வெட்டிப் போடுங்கள், புரியும் காயப்படாது, நட்டும் குறைவாக நகரும்.

நட்டை எப்படி வைத்தாலும் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் ஷாஃப்ட் இறுகினால் காலரின் முகமோ நட்டின் முகமோ அச்சுக்குச் செங்குத்தாக இல்லை. இரண்டிலும் ப்ருஷியன் ப்ளூ (எங்கே படுகிறது என்று காட்டும் நீல மை) தடவிப் பாருங்கள். நட்டை ஒரு புரிப்போட்ட மாண்ட்ரலில் ஏற்றி முகத்தை மெல்லிய வெட்டாக லேத்தில் எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும்.

இனி பல் இடைவெளி

நடுவும் நீளவாக்கும் சரியான பிறகே எக்ஸென்ட்ரிக். வார்ம் உட்காரும் புஷ்ஷின் துளை வெளி விட்டத்தோடு ஒரே மையத்தில் இருக்காது. புஷ்ஷைத் திருப்பினால் வார்ம் வீலை நோக்கிப் போகும் அல்லது விலகும். புஷ்ஷை அந்த நிலையில் பிடிப்பது ஒரு பூட்டு போல்ட்டு. எவ்வளவு உள்ளே போகலாம் என்று தடுப்பது ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ. அமைப்பு டேபிளுக்கு டேபிள் மாறும், வேலை இதுதான்.

எவ்வளவு நுணுக்கமான அசைவு இது என்பதைக் கணக்கில் பாருங்கள். மைய விலகல் 3 மி.மீ. என்றால் புஷ்ஷை 1 டிகிரி திருப்பினாலே வார்ம் அதிகபட்சம் 0.05 மி.மீ. வரை நகரும். 20 டிகிரி அழுத்தக் கோணப் பல்லில் (பல்லின் பக்கச் சாய்வு), மையங்களுக்கு இடையே 0.01 மி.மீ. குறைந்தால் பல் இடைவெளி ஏறத்தாழ 0.007 மி.மீ. குறையும், பதினாலரை டிகிரிப் பல்லில் 0.005. ஆக, 20 டிகிரிப் பல்லில் புஷ்ஷின் ஒரு டிகிரி டேபிளில் 2 நிமிடத்துக்கு மேல் வரை போகும். புஷ்ஷைத் திருப்பும் லீவரை 'கொஞ்சம்' தள்ளுவது எவ்வளவு பெரிய தள்ளல் என்று இதில் தெரியும்.

டேபிளை மார்க்கர் கோடு போட்ட இறுக்கமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாப் ஸ்க்ரூவைப் பின்னுக்கு எடுங்கள். பூட்டு போல்ட்டை பிடித்தும் பிடிக்காமலும் வையுங்கள், முழுக்கத் தளர்த்தினால் பூட்டும்போது புஷ் நகர்ந்துவிடும். வார்மை வீலோடு சேர்த்து, ஹேண்டிலை முன்னும் பின்னும் கால் சுற்று ஆட்டிக்கொண்டே லீவரை உள்ளே தள்ளுங்கள். ஹேண்டில் கனமாகும். அதுதான் சுழிய இடைவெளி. அங்கிருந்து லீவரைக் கண்ணுக்குத் தெரியாத அளவு பின்னே எடுத்து, பட்டையைத் தள்ளி டயலில் 1 நிமிடம், அதாவது 5 கோடு வரும்படி வையுங்கள். போல்ட்டைப் பூட்டுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். எண் கட்டாயம் மாறியிருக்கும். எவ்வளவு, எந்தப் பக்கம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டு அந்த அளவை முன்கூட்டியே விட்டு இன்னொரு முறை வையுங்கள். மூன்று நான்கு முறை ஆகலாம். கடைசியில் ஸ்டாப் ஸ்க்ரூவை மெல்லத் தொடும்வரை கொண்டுவந்து அதன் லாக் நட்டை இறுக்குங்கள். அடுத்த முறை வார்மை விலக்கிச் சேர்க்கும்போது இதே இடத்துக்குத் திரும்ப அது வேண்டும்.

பிறகு ஹேண்டிலை 90 சுற்று ஒரு பக்கம், 90 சுற்று மறுபக்கம். எங்கும் இறுகக் கூடாது. 10 இடங்களிலும் திரும்ப அளந்தால் இறுக்கமான இடத்தில் 1, எதிர்ப்பக்கத்தில் 2 அல்லது 3 நிமிடம் வந்தால் அந்த டேபிளுக்கு நல்ல நிலை. அந்த 3-ஐ 1 ஆக்க நெருக்கினால் இறுக்கமான இடத்தில் வார்ம் பல்லுக்குள் ஆப்பு போலப் புகும். வீலின் மையப் பிசகை எக்ஸென்ட்ரிக்கால் திருத்த முடியாது. கனமாக இருக்கும் இடத்தில் எமரி பேஸ்ட் போட்டு ஓட்டித் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். வெண்கலமோ காஸ்ட் அயனோ, அந்தப் பொடி வீலின் பல்லில் பதிந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. அதன் பின் வீலே வார்மை அறுக்கும் அரமாகிவிடும்.

நெருக்கியும் குறையாவிட்டால்

ஹேண்டில் கனமாகிறது, ஆனால் பட்டையைத் தள்ளினால் 5 நிமிடம் அப்படியே இருக்கிறது. இது நன்கு தேய்ந்த டேபிளின் அறிகுறி. பல்லின் பக்கங்கள் தேய்ந்து மெலிந்ததால் வார்ம் மேலும் உள்ளே போய், அதன் புரி நுனி வீலின் பல் அடியில் மோதுகிறது. பக்கங்கள் இன்னும் சேரவில்லை. வார்மில் ப்ளூ தடவிச் சுற்றினால், வீலில் நீலம் பல்லின் அடியில் மட்டும் ஒட்டியிருக்கும். புதிய வார்ம் கிடைத்தால் மாற்றுவது நல்லது. கிடைக்காதபோது வார்மை இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்து வெளி விட்டத்தில் 0.2 மி.மீ. மட்டும் எடுத்து, நுனியின் பிசிறைத் துடைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் உள்ளே போக இடம் கிடைக்கும். கெட்டிப்படுத்திய வார்ம் என்றால் கிரைண்டிங்கில்தான் முடியும்.

நீலம் பல்லின் மேல் விளிம்பில் மட்டுமோ கீழ் விளிம்பில் மட்டுமோ ஒட்டினால் வேறு பிரச்சினை. எக்ஸென்ட்ரிக் வார்மை நேர்கோட்டில் தள்ளுவதில்லை, வில்லாகத் தள்ளுகிறது. உள்ளே போகப் போக வார்மின் உயரமும் சற்று மாறும். நடுவில் குழிந்த பல் உள்ள வீலில் அந்த உயர மாற்றம் உடனே தெரியும். டேபிளுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தோ எடுத்தோ வீலின் உயரத்தைத் திருத்தலாம். ஆனால் அது நடு பேரிங் அமைப்பையும் மாற்றும், அதனால் முதல் கட்டத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

எப்போதும் 0-விலிருந்து 90 வரை மட்டுமே ஓடிய டேபிளில் அந்தக் கால் வட்டம் மட்டும் தேய்ந்திருக்கும். இறுக்கமான இடத்தில் 1, அந்தப் பகுதியில் மட்டும் 6 என்று வரும். நெருக்காமல், வீலைக் கழற்ற முடிந்த டேபிளில் அதை 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள். தேயாத பகுதி வேலைக்கு வரும்.

ஒரு எச்சரிக்கை. உற்பத்தி மிஷின்களின் ரோட்டரி டேபிள்களில் இரட்டை லீட் வார்ம் இருக்கலாம். அதில் புரியின் இரண்டு பக்கங்களுக்கும் லீட் (ஒரு சுற்றில் புரி முன்னேறும் தூரம்) வேறுவேறு, அதனால் பல்லின் தடிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூடிக்கொண்டே போகும். வார்மை நீளவாக்கில் நகர்த்தி, ஸ்பேசரை அரைத்து இடைவெளியைக் குறைப்பதுதான் அங்கே முறை. மைய தூரத்தை மாற்றவே கூடாது.

ஓட்டும்போது

1 நிமிடம் எஞ்சியிருப்பது குறை இல்லை, எண்ணெய்க்கு அந்த இடம் வேண்டும். ஸ்லைட்வே ஆயில் 68 போதும். வெண்கல வீலுக்கு, மஞ்சள் உலோகத்தை அரிக்கும் கந்தகச் சேர்க்கை உள்ள கியர் ஆயிலைத் தவிருங்கள். எஞ்சிய இடைவெளியை ஓட்டும் முறையால் சமாளிக்கலாம். எல்லா அளவுக்கும் ஒரே திசையில் வந்து நில்லுங்கள். தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னே போய்த் திரும்ப வாருங்கள். துளை போடவோ நேர் வெட்டுக்கோ இரண்டு கிளாம்பையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் டேபிள் சற்றே திரும்புவதை டயலில் பார்க்கலாம்.

வளைவு மில்லிங்கில் கிளாம்பை இழுவை தெரியும் அளவுக்குப் பிடித்து வைத்து, கட்டரின் விசை டேபிளின் சுழற்சியை எதிர்க்கும் திசையில் மட்டும் சுற்றுங்கள். திசை மாறிச் சுற்றினால் கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுக்கும், இருக்கும் இடைவெளி முழுவதையும் ஒரே தாவலில் எடுத்துக்கொள்ளும். ஸ்டெப்பர் மோட்டார் மாட்டிய டேபிளில் கன்ட்ரோலர் பேக்லாஷ் திருத்தம் போட்டாலும் இதே நிலைதான். அது நிற்கும் இடத்தைத் திருத்தும். வெட்டு விசையில் டேபிள் அந்த இடைவெளிக்குள் ஆடுவதை அதனால் பிடிக்க முடியாது.

டேபிளைச் செங்குத்தாக நிறுத்தி வைத்து, ஒரு பக்கம் கனமான வேலையை மாட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். கனம் ஒரு பக்கம் தொங்கும்வரை அந்தப் பாரமே இடைவெளியை ஒரு திசையில் அழுத்திப் பிடித்திருக்கும், டேபிள் ஆடாதது போலத் தெரியும். கனம் உச்சியைத் தாண்டும் கணத்தில் பாரம் மறுபக்கம் சாய்ந்து டேபிள் படக்கென்று விழும். எதிர்ப்பக்கம் டி-ஸ்லாட்டில் ஒரு எதிர் எடையை மாட்டுங்கள், அல்லது கிளாம்பின் இழுவையைக் கூட்டி வைத்து, உச்சிக்கு முன் 5 டிகிரியிலும் பின் 5 டிகிரியிலும் வெட்டாமல் சும்மா ஓட்டி டயலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.